களத்தில் படாதவர்கள்: மூன்று ஊர்களும் ஓர் அட்டவணையும்

2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலம். கல்லூரி பூட்டிக் கிடந்தது. நாம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கைப்பேசித் திரையின் வழியே புறத்திணை நடத்திக்கொண்டிருந்தோம். அன்றைய பாடம் நடுகல். காட்சி, கால்கோள், நீர்ப்படை எனத் தொல்காப்பியர் அடுக்கும் நிலைகளை விளக்கி முடித்த வேளையில், முதுகலை முதலாண்டு மாணவி ஒருவர் கேட்டார்: "ஐயா, களத்தில் சாகாமல் திரும்பி வந்து, வயதாகி, நோயில் விழுந்து இறந்தவனுக்குக் கல் உண்டா?"

இலக்கணம் கூறும் கல் களத்தில் பட்டவனுக்கு உரியது என்று விடை கூறினோம். விடை சரிதான், ஆயினும் நமக்கே நிறைவு தரவில்லை. புறநானூற்றின் 93ஆம் பாட்டில், ஔவையார் அதியமானைப் பாடுமிடத்தே ஒரு பழஞ்சடங்கு பற்றிய செய்தி வருகிறது. நோயில் இறந்த மன்னரின் உடலைத் தருப்பைப் புல்லின்மேல் கிடத்தி, வாளால் பிளந்து, வீரர் புகும் உலகுக்கு அனுப்பிவைப்பராம். நோய்ச்சாவு மறவனுக்கு இழுக்கு. அதனைப் போர்ச்சாவாக மாற்றி எழுதினால்தான் பெருமை என்னும் எண்ணம் அச்சடங்கின் அடியில் இருக்கிறது.

அம்மாணவி வினவிய நாள்களில்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. ஹோலியோக் என்னும் ஊரில், முன்னாள் படைவீரர்க்கென அரசு நடத்திய முதியோர் இல்லத்தில் கொரோனா தொற்று புகுந்து, நாள்தோறும் முதியவர்கள் இறந்துகொண்டிருந்தனர். போர்களில் பிழைத்து வந்தவர்கள் கட்டிலில் கிடந்து மாண்டனர். அவர்கள் ஏன் இறந்தனர் என்னும் வினாவுக்கு மருத்துவ அறிவியல் ஒரு விடையைக் கூறிற்று; ஊர் வேறொரு விடையைக் கூறிற்று; நீதிமன்றம் இரண்டுக்கும் இடையே நின்று தடுமாறியது. அந்த விடைகளை வரலாற்றின் வரிசையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் மருத்துவர் அல்லர், தமிழ் படித்தவர். எனினும் ஒரு சொல் எங்குப் பிறந்தது, எப்பொருளில் வழங்கிற்று, பின்னர் எப்பொருளுக்குத் திரிந்தது என்று பார்ப்பது நம் தொழில். இங்கே அச்சொல் 'இடர்க்காரணி'.

வாளினும் கொடியது

ஔவையார் பாட்டின் சடங்குக்கு நேர்மாறான கணக்கையே உலகப் படைகளின் வரலாறு காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்வரை, போருக்குச் சென்ற வீரர்களுள் பகைவன் கையால் இறந்தவரைவிட நோயால் இறந்தவரே மிகுதி. 1854 முதல் 1856 வரை கிரீமியப் போரில் பிரித்தானியப் படைக்கு நேர்ந்ததும் இதுவே. ஸ்குட்டாரி மருத்துவமனையில் பணியாற்றித் திரும்பிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1858இல் அந்த இறப்புகளை வட்ட வடிவப் படமாக வரைந்து காட்டினார். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த சாவுகளின் பரப்பு, காயத்தால் நேர்ந்த சாவுகளின் பரப்பை விழுங்கி நின்றதை அப்படத்தில் கண்ணாலேயே காணலாம். விளக்கேந்திய சீமாட்டி என்று நம் பள்ளிப் பாடங்கள் அவரைக் காட்டும். அவர் கையில் விளக்கோடு கணக்கேடும் இருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) இறந்தோர் ஏறத்தாழ 6,20,000 பேர் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. அவர்களுள் மூன்றில் இருவர் நோயால் இறந்தோர். அப்போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச்சில், ஊனமுற்ற தன்னார்வப் படைவீரர்க்கு ஒரு தேசியக் காப்பகம் அமைக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். அதன் முதற்கிளை 1866இல் மெய்ன் மாநிலத்தின் டோகஸ் என்னுமிடத்தில் திறக்கப்பட்டது. பிரான்சில் பதினான்காம் லூயி 1670இல் ஆணையிட்டு எழுப்பிய இன்வாலீத் மாளிகையும், இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் 1682இல் தொடங்கிய செல்சி இல்லமும் இதற்கு முன்னோடிகள். போரில் உழைத்தவனை முதுமையில் காப்பது அரசின் கடன் என்னும் எண்ணம் இவ்வாறு கட்டடமாக வடிவெடுத்தது. ஆனால் பலரை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்து வைப்பதில் ஓர் இடரும் உடன் பிறந்தது. அந்த இடரின் முழு உருவத்தை நாம் காண வேண்டிய முதல் ஊர் டெவன்ஸ்.

முதல் ஊர்: டெவன்ஸ், 1918

டெவன்ஸ் பாசறை மாசசூசெட்ஸில், பாஸ்டன் நகருக்கு வடமேற்கே அமைந்தது. முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்துப் பயிற்றுவிக்க அவசரமாக எழுப்பப்பட்டது. சுமார் 36,000 பேருக்கென அமைந்த அப்பாசறையில் 1918 செப்டம்பர்த் தொடக்கத்தில் 45,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அம்மாதத்தில் நச்சுக்காய்ச்சல் உள்ளே புகுந்தது. மாதம் முடிவதற்குள் 14,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 757 பேர் இறந்தனர். 1,200 பேருக்கான மருத்துவமனையில் அதைப்போலப் பல மடங்கினர் கிடந்தனர். வாஷிங்டனிலிருந்து வந்து பார்த்த பெருமருத்துவர்களும் கலங்கினர். அப்போரில் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 45,000 பேர் நச்சுக்காய்ச்சலுக்கும் அதன் பின்விளைவான நுரையீரல் அழற்சிக்கும் பலியாயினர். களத்தில் பட்டோர் 53,000 பேர். இரண்டு எண்களும் எவ்வளவு அருகருகே நிற்கின்றன என்பதைக் காண்க.

ஒரு செய்தியை இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். 1918இன் காய்ச்சல் இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டோரைப் பெருமளவில் கொன்றது. டெவன்ஸில் இறந்தோர் கிழவர் அல்லர். நோயாளிகளாக வந்தவரும் அல்லர். உடல் தேர்வில் தேறி வந்த இளைஞர்கள். ஆகவே, "வயதானவர்கள், ஏற்கெனவே நோயுற்றவர்கள்" என்று கூறி அவர்தம் சாவுக்கு விளக்கம் தர எவராலும் இயலவில்லை. நெரிசலைத்தான் சுட்ட வேண்டியிருந்தது. படை மருத்துவர்கள் கட்டில்களுக்கிடையே இடைவெளி வேண்டும், புதிதாக ஆள் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று கேட்டனர். போர் அவசரம் அவர்கள் குரலை அமுக்கிற்று.

இரண்டாம் ஊர்: பிரேமிங்காம், 1948

முப்பது ஆண்டுகள் கழிந்தன. பாஸ்டனுக்கு மேற்கே பிரேமிங்காம் என்னும் சிற்றூர். 1948இல் அங்கே 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 ஆடவர் பெண்டிரைத் தேர்ந்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, யாருக்கு இதயநோய் வருகிறது என்று பார்க்கும் பெருமுயற்சி தொடங்கிற்று. அதுகாறும் மாரடைப்பு என்பது முதுமையின் இயல்பு, அல்லது விதி. உயர் இரத்த அழுத்தமும் இரத்தத்தில் மிகுந்த கொழுப்பும் இடரைப் பெருக்குகின்றன என்பதை அவ்வூர் மக்களின் உடல்கள் காட்டிக்கொடுத்தன. 1961இல் வெளியான கட்டுரையொன்றில் 'இடர்க்காரணிகள்' என்னும் பொருள் தரும் தொடர் தலைப்பிலேயே இடம்பெற்றது. அங்கிருந்து அச்சொல் உலகெங்கும் பரவிற்று. இன்று நம் ஊர் மருந்துக்கடைச் சுவரொட்டியிலும் அதைக் காணலாம்.

இச்சொல் பிறந்த நோக்கத்தைக் கவனித்தல் வேண்டும். விதி என்று விட்டதை, தடுக்கக்கூடியது என்று மாற்றுவதற்காகப் பிறந்த சொல் இது. அழுத்தம் மிகுந்தால் மருந்து உண்க, புகைப்பதை விடுக என்று கூறுவதற்காகப் பிறந்தது. ஆனால் இச்சொல்லுக்கு ஒரு சாய்வும் உண்டு. அது காரணத்தைத் தனிமனிதனின் உடலுக்குள் தேடுகிறது. அவன் வாழும் வீடு, உழைக்கும் இடம், அருகில் கிடக்கும் கட்டில் ஆகியவை அதன் பார்வைக்கு எளிதில் அகப்படுவதில்லை.

எளிதில் அகப்படா என்றோம்; அகப்படவே மாட்டா என்றோமில்லை. அதற்குச் சான்றாக முன்னாள் படைவீரர் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1976 சூலையில் பென்சில்வேனியா மாநில அமெரிக்கன் லீஜியன் என்னும் முன்னாள் வீரர் சங்கத்தார் பிலடெல்பியாவில் பெல்வியூ-ஸ்டிராட்போர்டு விடுதியில் மாநாடு கூட்டினர். வீடு திரும்பியதும் பலர் காய்ச்சலில் விழுந்தனர். 182 பேர் நோயுற்றனர். 29 பேர் இறந்தனர். ஆய்வாளர்கள் ஒவ்வொருவரிடமும் வயது, புகைப்பழக்கம் ஆகியவற்றோடு, விடுதியில் எங்கே நின்றீர், எவ்வளவு நேரம் நின்றீர் என்பதையும் கேட்டனர். விடுதியின் முகப்புக் கூடத்தில் நெடுநேரம் இருந்தோரே மிகுதியாக நோயுற்றமை தெரிந்தது. 1977 சனவரியில் ஜோசப் மெக்டேட் அந்நோய்க்குரிய பாக்டீரியாவை இனங்கண்டார். அவ்வீரர் சங்கத்தின் பெயரே நோய்க்குப் பெயராயிற்று. இங்கே, இடம் என்பதும் ஒரு காரணியாக ஏட்டில் ஏறிற்று என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது. கேட்டால் ஏறும், கேளாவிடின் ஏறாது.

அட்டவணை

இனி 2020க்கு வருவோம். லிங்கன் காலத்துக் காப்பகம் வளர்ந்து, 1930இல் முன்னாள் படைவீரர் நிர்வாகமாகவும், 1989இல் அமைச்சுத் தகுதிபெற்ற துறையாகவும் ஆயிற்று. நாடு முழுவதும் மருத்துவமனைகளை நடத்தும் அத்துறையின் சிறப்பு, நோயாளிகளின் பதிவுகள் அனைத்தையும் நெடுங்காலமாகக் கணினியில் சேர்த்து வந்தமை. ஆகவே கொரோனா பரவிய சில மாதங்களிலேயே யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று பெருந்தொகையினரைக் கொண்டு ஆராய அதனால் இயன்றது.

2020 செப்டம்பரில் வெளியான ஓர் ஆய்வு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு பிப்ரவரி 28 முதல் மே 14 வரை பரிசோதனை செய்துகொண்ட 88,747 முன்னாள் வீரர்களுள் 10,131 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொருவர் ஆடவர். சராசரி வயது அறுபத்து நான்கை ஒட்டியது. தொற்று இல்லாதோருள் 2.4 விழுக்காட்டினர் முப்பது நாள்களுக்குள் இறந்திருக்க, தொற்றியோருள் 10.8 விழுக்காட்டினர் இறந்தனர்.

யார் இறந்தார்? எல்லாவற்றினும் வயதே முன்னின்றது. ஐம்பது வயதுக்குட்பட்டவரோடு ஒப்பிட, எண்பதைக் கடந்தவர் இறக்கும் இடர் 60.8 மடங்கு. எண்பது வயதினருள் நூற்றுக்கு அறுபதின்மர் இறந்தனர் என்று இதற்குப் பொருள் அன்று, ஒப்பீடு மட்டுமே. இளையோருள் இறந்தவர் மிகச் சிலராதலின், இம்மடங்கு 30 முதல் 124 வரை எங்கும் இருக்கலாம் என ஆய்வாளரே எல்லை குறித்துள்ளனர். அடுத்து, உடன் இருக்கும் நோய்களின் சுமை. இதனை அளக்க மேரி சார்ல்சன் 1987இல் வகுத்த மதிப்பெண் முறை ஒன்று உண்டு. அதில் ஐந்துக்கு மேல் பெற்றவர்க்கு இடர் 1.93 மடங்கு. காய்ச்சலோடு வந்தவர்க்கு 1.51, மூச்சுத்திணறலோடு வந்தவர்க்கு 1.78. இரத்தமும் சில செய்திகளைக் கூறிற்று. சிறுநீரகம் தளர்ந்ததைக் காட்டும் கிரியேட்டினின் மிக உயர்ந்திருந்தால் 3.79 மடங்கு. நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்னும் இருவகை வெள்ளணுக்களின் விகிதம் பெரிதும் மாறியிருந்தால் 2.88 மடங்கு. கல்லீரல் நொதியொன்று மிகுந்திருந்தால் 1.86 மடங்கு.

எதிர்பார்த்தும் வராதவை சில உண்டு. உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவை, பிற காரணிகளைக் கழித்துப் பார்க்கையில், இறப்போடு தனித் தொடர்பு காட்டவில்லை. கறுப்பினத்தவர், இசுப்பானிய மரபினர் என்பதும் அவ்வாறே. இச்செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஏறத்தாழ 58 இலட்சம் முன்னாள் வீரர்களின் பதிவுகளைக் கொண்டு அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, அவ்விரு இனத்தாருக்கும் தொற்று உறுதியாகும் வாய்ப்பு வெள்ளையரினும் ஏறத்தாழ இருமடங்கு என்று காட்டிற்று. ஆயினும் தொற்றியபின் முப்பது நாளில் இறப்பதில் வேறுபாடு இல்லை. ஒரே துறையின் மருத்துவமனைகளில் பார்க்கப்பட்டோரிடையே சாவில் வேறுபாடு இல்லை. நோய் வந்து சேரும் வாயிலில்தான் வேறுபாடு. அவ்வாயில் உடலுக்குள் இல்லை. வேலையிலும் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறது.

அட்டவணையில் 'இடம்' என்பதற்கு ஒரே ஒரு வரி உண்டு. பத்து இலட்சம் பேருக்கு 130க்கும் குறைவாக இறந்த பகுதியோடு ஒப்பிட, 700க்கு மேல் இறந்த பகுதியில் வாழ்ந்தவர்க்கு இடர் 1.21 மடங்கு. வயதின் 60.8க்கு முன்னே இது சிறு துளி. மொத்த இறப்புகளுள் 63.4 விழுக்காட்டை ஐம்பது வயது கடந்தமையின் கணக்கிலும், 12.3 விழுக்காட்டை ஆண்பாலின் கணக்கிலும், 11.1 விழுக்காட்டை உடனிருந்த நோய்களின் கணக்கிலும் ஆய்வாளர் எழுதினர்.

இந்த ஆய்வில் நாம் குறை காணவில்லை. தொற்றியபின் யாருக்கு இடர் மிகுதி என்பது அதன் வினா. அவ்வினாவுக்கு நேர்மையான விடை தந்திருக்கிறது. படுக்கைகளும் சுவாசக் கருவிகளும் போதாத காலத்தில், யாரை முதலில் கவனிப்பது என்று தவித்த மருத்துவர்க்கு அது கைவிளக்காயிற்று. நமது அச்சம் அட்டவணையைப் படிப்போர் பற்றியது. வயது என்னும் காரணியை மாற்ற இயலாது. மாற்ற இயலாத ஒன்று முதலிடத்தில் நின்றால், "வயதானவர்கள், என்ன செய்ய முடியும்?" என்று கைவிரிப்பது எளிது. 2020இலும் 2021இலும் இவ்வாசகம் நம் தெருவிலும் நம் காதில் விழுந்தது. விதியை ஒழிக்கப் பிறந்த சொல், விதிக்கே மறுபெயராய்த் திரும்பி வந்த விந்தை இது.

மூன்றாம் ஊர்: ஹோலியோக், 2020

ஹோலியோக் மேற்கு மாசசூசெட்ஸில், கனெக்டிகட் ஆற்றின் கரையிலுள்ள ஆலை நகரம். அங்குள்ள வீரர் இல்லம் 1952இல் திறக்கப்பட்டது. மாநில அரசின் பொறுப்பில் இருந்தது. மேற்கூறிய நடுவணரசுத் துறை நேரே நடத்தியது அன்று. ஆகவே அட்டவணையின் மனிதரும் இவ்வில்லத்தின் மனிதரும் ஒருவரே என்று கொள்ளலாகாது. ஆனால் இருவரும் ஒரே வகையினர்: முதியோர், பெரும்பாலும் ஆடவர், பல நோய்களைச் சுமப்போர். இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம் எனப் பல போர்களைக் கண்டவர்கள். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் அவர்கள் உடலில் முன்னரே எழுதப்பட்டிருந்தது. தொற்று உள்ளே வந்தால் என்ன நேரும் என்பதை ஊகிக்க ஆய்வுக் கட்டுரை வெளிவரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் அங்கே சுமார் 230 பேர் வாழ்ந்தனர். பழைய கட்டடம், பலர் சேர்ந்து தங்கும் அறைகள். நோய்க்குறி இருந்த ஒருவருக்கு மார்ச் 17இல் பரிசோதனை செய்தனர். முடிவு மார்ச் 21இல் வந்தது: தொற்று உறுதி. இடைப்பட்ட நாள்களில் அவர் தனிமைப்படுத்தப்படவில்லை. உடன் தங்கியோருடனேயே இருந்தார். பணியாளர் ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு மாறி மாறி அனுப்பப்பட்டனர். நோய் பரவப் பரவப் பணிக்கு வருவோர் குறைந்தனர்.

மார்ச் 27, வெள்ளிக்கிழமை. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, மறதிநோய் உடையோருக்கான இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினர். 25 பேருக்கான இடத்தில் 42 பேர் சேர்க்கப்பட்டனர். தொற்று உறுதியானோரும், ஐயத்துக்குரியோரும், நோய்க்குறி ஏதும் இல்லாதோரும் அடுத்தடுத்துக் கிடந்தனர். உணவுக்கூடத்திலும் கட்டில்கள் போடப்பட்டன. மறதிநோய் உடைய முதியவரிடம் முகக்கவசம் அணிக, விலகி நிற்க என்று கூறிப் பயனில்லை என்பதை அவரோடு வாழ்ந்தவர் அறிவர். அடுத்த சில நாள்களில் செய்தி வெளியே கசிந்தது. மார்ச் 30இல் மாநில அரசு இல்லத்தின் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தது. தேசியக் காவற்படையினர் உதவிக்கு வந்தனர். அதற்குள் கை மிஞ்சிவிட்டது. அந்தப் பரவலில் எழுபத்தாறு முன்னாள் வீரர்களின் உயிர் போயிற்று என்பதே முதலில் உலகறிந்த கணக்கு. பின்னர் இழப்பீட்டு உடன்பாட்டில் இறந்தோராக எண்ணப்பட்டவர் 84 பேர்.

ஆளுநரின் வேண்டுகோளுக்கிணங்க வழக்கறிஞர் ஒருவர் விசாரித்து 2020 சூனில் தந்த அறிக்கை, இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கிய முடிவை மிகக் கடுமையாகக் கண்டித்தது.

டெவன்ஸை இங்கே நினைத்துக்கொள்க. அதே மாநிலம். நூற்றிரண்டு ஆண்டு இடைவெளி. அங்கே 36,000 பேருக்கான இடத்தில் 45,000 பேர். இங்கே 25 பேருக்கான இடத்தில் 42 பேர். அங்கே இறந்தோர் இளைஞர், இங்கே முதியோர். நோய்க்கிருமி வேறு, வயது வேறு, காலம் வேறு. இரண்டுக்கும் பொதுவாய் நின்றது கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையிலிருந்த தொலைவு.

நீதிமன்றத்தில் ஒரு வினா

2020 செப்டம்பரில் இல்லத்தின் கண்காணிப்பாளர் மீதும் மருத்துவப் பொறுப்பாளர் மீதும், முதியோரைப் புறக்கணித்ததாகக் குற்றப்பத்திரிகை பதிவாயிற்று. ஐந்து முதியவர்களை முன்வைத்தே வழக்கு எழுந்தது. 2021 நவம்பரில் நீதிபதி ஒருவர் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவர் கூறிய காரணத்தை நாம் திரும்பத் திரும்பப் படித்தோம். பிரிவுகள் ஒன்றாக்கப்படும் முன்னரே அம்முதியோர் தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம். ஒன்றாக்காமல் விட்டிருந்தால் அவர்தம் உடல்நிலை வேறாக இருந்திருக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று போதாது என்பது அதன் சாரம்.

சட்டத்தின் நோக்கில் அவ்வினா முறையானதே. குறிப்பிட்ட ஒருவருக்கு நேர்ந்த தீங்கு, குறிப்பிட்ட ஒரு செயலால் நேர்ந்தது என்று காட்டாமல் எவரையும் தண்டிக்கலாகாது. ஆனால் அட்டவணையின் நிழல் அவ்வினாவின்மேல் விழுந்திருப்பதைக் காணலாம். முதுமையும் நோயும் மிகுந்தவர் சாவுக்கு எப்போதும் ஒரு விளக்கம் கைவசம் இருக்கிறது. அவ்விளக்கம் வேறு விளக்கங்களைத் தேடவொட்டாமல் வழியை மறிக்கிறது. எவன் எளிதில் சாவானோ அவன் சாவுக்குக் காரணம் நாட்டுவது அரிது.

2023 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. விசாரணைக்குப் போதிய அடிப்படை உண்டு என்றது. 2024 மார்ச்சில், குற்றத்தீர்ப்பு ஏதும் பதியப்படாமல், மூன்று மாத நிபந்தனைக் காலத்தோடு வழக்கு முடிவுக்கு வந்தது. சிறைத் தண்டனை எவருக்கும் இல்லை. முன்னதாக 2022 மே மாதத்தில், இறந்தோர் குடும்பங்களுக்கும் தொற்றிப் பிழைத்தோருக்குமாக 5 கோடியே 60 இலட்சம் டாலர் இழப்பீடு தர மாநில அரசு இசைந்தது.

ஹோலியோக் தனி நிகழ்வு அன்று. நியூ ஜெர்சி மாநிலத்தில் பராமஸ், மென்லோ பார்க் ஆகிய ஊர்களின் வீரர் இல்லங்களில் பெருந்தொகையினர் இறந்தனர். 2021 டிசம்பரில் அம்மாநிலமும் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களோடு சுமார் 5 கோடியே 30 இலட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. இல்லினாய் மாநிலத்தின் லாசால் இல்லத்தில் 2020இன் இறுதியில் 36 பேர் இறந்தனர். முதல் அலையிலிருந்து பாடம் கற்க அவ்விடத்துக்குப் பல மாதங்கள் கிடைத்திருந்தன.

அட்டவணையை எங்ஙனம் படிப்பது?

மாற்ற இயலாத காரணிகளோடு மாற்றக்கூடியவையும் உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. தடுப்பூசி போட்ட முன்னாள் வீரர்களை ஆராய்ந்து 2021 நவம்பரில் வெளியான ஆய்வு, தொற்றைத் தடுக்கும் ஆற்றல் பிப்ரவரியில் 87.9 விழுக்காடாக இருந்தது அக்டோபரில் 48.1 ஆகக் குறைந்ததைக் காட்டியது. ஆயினும் ஊசி போட்டவர்க்குச் சாவிலிருந்து கிடைத்த காப்பு, அறுபத்தைந்தைக் கடந்தவர்க்கும் உயர்ந்தே நின்றது. வயது அதே வயதுதான், இடர் குறைந்தது. பிழைத்தவர் கதையும் அங்கே முடியவில்லை. 73,435 பேரைப் பின்தொடர்ந்து 2021 ஏப்ரலில் வந்த ஆய்வின்படி, முதல் முப்பது நாளைக் கடந்தவர்க்கும் அடுத்த ஆறு மாதத்தில் இறக்கும் இடர், தொற்றாதவரினும் ஏறத்தாழ 59 விழுக்காடு மிகுதி. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதோடு கடன் தீரவில்லை.

நாம் கண்டுகொண்டது இதுதான். இடர்க்காரணி அட்டவணையை இருவகையாகப் படிக்கலாம். இறந்தவர் ஏன் இறந்தார் என்று நிகழ்வுக்குப் பின் விளக்கம் கூறப் படித்தால், அது சாவை அவரவர் உடலின்மேல் ஏற்றிவிட்டு, சுற்றி நின்றோரை விடுவிக்கிறது. யாரை முதலில் காக்க வேண்டும் என்று நிகழ்வுக்கு முன்னே படித்தால், அதே வரிகள் கட்டளையாகின்றன. எண்பதைக் கடந்தவர்க்கு அறுபது மடங்கு இடர் என்றால், அவர் கட்டிலருகே மற்றொரு கட்டிலைத் தள்ளுமுன் அறுபது மடங்கு எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். எளிதில் உடையும் கலத்தைத் தட்டிவிட்டு, "கலம் உடையக்கூடியது" என்று கூறுவது விளக்கம் ஆகுமா?

ஹோலியோக்கில் இப்போது இல்லத்தின் பெயர் மாறிவிட்டது. புதிய கட்டடத்துக்கு மாநிலச் சட்டமன்றம் 2021இல் நிதி ஒதுக்கியது. 2023இல் அடிக்கல் நாட்டினர். ஒருவருக்கு ஓர் அறை என்பது அதன் அமைப்பு. டெவன்ஸின் மருத்துவர்கள் 1918இல் கேட்ட இடைவெளி, அதே மாநிலத்தில் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வரைபடத்தில் ஏறியிருக்கிறது.

அன்று வினவிய மாணவி இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார். அண்மையில் தொலைபேசியில் பேசுகையில், அவர் கேட்ட வினாவை நினைவூட்டினோம். அவருக்கு மறந்துபோயிருந்தது. "என்ன விடை சொன்னீர்கள் ஐயா?" என்றார். அன்று சொன்ன விடையைச் சொல்லி, அது பாதி விடைதான் என்றோம். களத்தில் பட்டவனுக்குக் கல் எடுப்பது அவன் இறந்தபின் செய்யும் கடன். திரும்பி வந்தவனுக்குச் செய்யும் கடன், அவன் உயிரோடு இருக்கையிலேயே செய்ய வேண்டியது. கல்லாக அன்று, கட்டிலுக்குக் கட்டில் விடும் இடமாக.